நான்கு போல்ட்டும் நீங்கள் வாங்கிக்கொண்ட திட்டும்

சாமி,

இன்று காலை கடையைத் திறந்த கையோடு ஒருவர் வந்து, ஈரத்துணியில் சுற்றிய போல்ட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். துருவும் உப்புச் சேறும் கலந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னா சாமி, மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டேன். வந்தவர் இறால் பண்ணைக்காரர். திருதிருவென்று விழித்தார்.

சூளூர்பேட்டையில் என் போல்ட்டு நட்டுக் கடைக்கு நீங்கள் முதல்முதலாக வந்ததும் போல்ட்டோடுதான். பளிச்சென்ற நாமம், கையில் வாழையிலைப் பொட்டலம். பிரசாதம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தேன். உள்ளே புளி அப்பிய நான்கு துரு போல்ட்டுகள்.

"புளியில ஊறப்போட்டேம்மா. மடைப்பள்ளி அண்டாவெல்லாம் இதுல தங்கமா மின்னும். இது மட்டும் மசியமாட்டேங்கறது" என்றீர்கள்.

"சாமி, இது அண்டா இல்ல, படகு மோட்டார் போல்ட்டு. இத்த தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டணும்."

திருப்பதியில் ஒரு கோயில் மடைப்பள்ளியில் ஆயுசெல்லாம் சமைத்து ஓய்வு பெற்றவர் நீங்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவரிடம் பழைய ஃபைபர் படகையும் அதைவிடப் பழைய மோட்டாரையும் வாங்கியிருந்தீர்கள். சனிக்கிழமைதோறும் ரயிலேறி வந்து அதோடு மல்லுக்கட்டுவீர்கள்.

"மீனே துன்னாத உங்களுக்குப் படகு எதுக்கு சாமி?" என்று கேட்டேன்.

"பூநாரை பார்க்கறதுக்கு. கல்யாணமான புதுசுல, படகுல கூட்டிண்டு போய்க் காட்டறேன்னு மாமிகிட்ட வாய் விட்டுட்டேன். மறந்துடுவான்னு நெனச்சேன். இவ்வளவு வருஷம் கழிச்சும் கேக்கறா."

உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுதான் தாங்கும் என்று எடுத்து வைத்தேன். மங்கலாக இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கினீர்கள். அடுத்த வாரம் திருப்பதியில் எங்கோ வாங்கிய பளபளப்பான நான்கைக் கொண்டுவந்து காட்டினீர்கள். காந்தத்தை வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"வெறும் இரும்பு சாமி, அதான் காந்தம் ஒட்டுது. மேல பூச்சு. ஏரித் தண்ணி பட்டா மூணு மாசம் தாங்காது."

"காந்தமே விரும்பி ஒட்டிக்கறதுன்னா நல்ல சரக்குன்னுதானேம்மா அர்த்தம்?"

அதையே மாட்டினீர்கள். மூன்று மாதம் என்று சொன்னேன், இரண்டிலேயே பழுப்பேறிவிட்டது.

தை மாதம் பறவைகள் வந்து இறங்கின. மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அந்த போல்ட்டுக்கார பொண்ணு வந்து எல்லாத்தையும் மாத்தினாத்தான் படகுல காலை வைப்பேன்." எனக்குத் தலைகால் புரியவில்லை. என் நைனா போன பிறகு நான் கடையில் உட்கார்ந்தபோது, ஆண்கள் எதிர்க்கடையைத் தேடிப் போவார்கள். பொம்பளைக்கு போல்ட்டைப் பற்றி என்ன தெரியும் என்று தெலுங்கிலும் தமிழிலும் என் காது படவே பேசுவார்கள். என் கையை நம்பி உயிரை வைக்கிறேன் என்று சொன்ன முதல் ஆள் மாமிதான்.

அன்று கடையைச் சாத்திவிட்டு ஸ்பேனர் பையோடு கரைக்கு வந்தேன். மோட்டாரின் கவ்விகள் எப்போதோ உடைந்துபோயிருந்தன. படகின் பின்பலகையோடு அதைப் பிடித்திருந்தவை அந்த நான்கு போல்ட்டுகள்தான். துருவில் இறுகிக் கிடந்தவற்றை நான் ரம்பத்தால் அறுக்க, நீங்கள் பக்கத்தில் நின்று, "மெதுவாம்மா, வலிக்கப்போறது" என்றீர்கள். யாருக்கு வலிக்கும் என்று கடைசிவரை தெரியவில்லை. புதிய போல்ட்டுகளைச் செருகி, நட்டுகளைக் கையால் சுழற்றி வைத்தேன். ஸ்பேனரை எடுப்பதற்குள் மாமி தூக்கைத் திறந்துவிட்டார்.

"கையை அலம்பிண்டு வாம்மா. ஏன்னா, நீங்களும் வாங்கோ. ஆறினா நன்னா இருக்காது."

புளியோதரை. அதைத் தின்றுகொண்டே, புளி சோற்றுக்கு மட்டும்தான் என்று நான் சொல்ல, போல்ட்டுக்கும்தான் என்று நீங்கள் சொல்ல, சண்டை படகு ஏறும்வரை நீண்டது. ஸ்பேனர் பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

ஏரியின் நடுவில் போய்க்கொண்டிருந்தோம். மோட்டார் போட்ட இரைச்சலில் பூநாரைகள் எழுந்து எழுந்து தள்ளிப் போயின. "இதுக்குத் திருப்பதியிலேயே காக்கா பார்த்திருக்கலாம்" என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் படகு ஒரு குலுங்கு குலுங்கியது. மோட்டார் பின்பக்கமாகச் சாய்ந்து, ஒரு ஏப்பம் விட்டு, தண்ணீருக்குள் போய்விட்டது.

"கோவிந்தா! கோவிந்தா!" என்று கத்தியபடி மாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டீர்கள். நான் பதறிக் குதித்தேன். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

நீங்களும் இறங்கினீர்கள். இருவருமாகச் சேற்றில் துழாவி மோட்டாரைத் தூக்கினோம். அதன் ஓட்டையில் ஒரு போல்ட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. புத்தம் புதியது. ஒடியவில்லை, வளையவில்லை. நட்டுதான் இல்லை. நான் முறுக்க மறந்த நட்டு.

ஊரார் போல்ட்டக்கா என்று கூப்பிடும் நான் மாட்டிய மோட்டார் ஏரியில் விழுந்தது என்று தெரு முழுக்கப் பரவினால், நாளைக்குக் கடைப்படி ஏற ஒருவரும் வரமாட்டார்கள். நீங்கள் போல்ட்டைப் பார்த்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். அதை உருவி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, மாமி பக்கம் திரும்பினீர்கள்.

"என் பழைய போல்ட்டு ஒண்ணு ஒடிஞ்சுடுத்துடி. மாத்தியே ஆகணும்னு இவ தலைபாடா அடிச்சுண்டா. நான்தான் அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்னேன்."

மாமி ஆரம்பித்தார். கரை சேரும்வரை நிறுத்தவில்லை. நாம் இருவரும் படகை இழுத்துக்கொண்டு நடந்தோம். மாமி மட்டும் உற்சவர் மாதிரி மேலே உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு நிமிஷம் அவர் பேச்சு நின்றது. இரைச்சல் அடங்கியதால் பூநாரைகள் பறக்காமல் கைக்கெட்டும் தூரத்தில் நின்றன. நூற்றுக்கணக்கில், இளஞ்சிவப்பாக. மாமி வாய்மேல் கை வைத்துப் பார்த்தார். நீங்கள் பறவைகளைப் பார்க்கவில்லை, மாமியைப் பார்த்தீர்கள்.

பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று பிறகு எத்தனை முறை வந்தேன்! ஒவ்வொரு முறையும் கையமர்த்தினீர்கள். "பேசாம இரும்மா. அவ திட்டு எனக்குப் பழகிடுத்து. நீ புதுசு, தாங்கமாட்டே." விசேஷ வீடுகளில்கூட மாமி அந்தக் கதையைச் சொல்லி உங்களைத் திட்டுவாராம். நீங்கள் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவீர்களாம்.

நீங்கள் போய்ச் சேர்ந்து பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு திருப்பதிக்குப் போனேன். மாமியின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். "நான்தான் மாமி நட்ட முறுக்கல. சாமி பொய் சொன்னாரு. எனக்கோசரம்."

மாமி அசரவே இல்லை.

"அன்னிக்கே தெரியும்டி. வேஷ்டியைத் தோய்க்கறச்சே மடிப்புலேர்ந்து புது போல்ட்டு விழுந்தது. அதைக்கூட ஒழுங்கா ஒளிச்சு வைக்கத் தெரியலை அவருக்கு."

"அப்புறம் ஏன் மாமி இத்தினி வருஷமா அவரத் திட்டிக்கினு இருந்தீங்க?"

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேற எதைச் சொல்லி அவரைத் திட்டறது? வேற தப்பே பண்ணலையே அந்த மனுஷர்."

அதற்குப் பிறகு சனிக்கிழமை ஆனால் எனக்குப் போன் வருகிறது. "போல்ட்டைச் செருகினா நட்டை முறுக்கணும்னு தெரியாதாடி உனக்கு?" என்று முதலிலிருந்து தொடங்குகிறார் மாமி. கடையில் ஆள் நின்றாலும் காத்திருக்கச் சொல்லிவிட்டு, முழுவதையும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சொன்னது சரிதான் சாமி, கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பழகிக்கொண்டு வருகிறேன்.