நம்பர் கேட்கும் வீடு

மகனே,

இப்போதெல்லாம் மனுஷனை மனுஷன் நம்புவதில்லை. அதையே மெஷினுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். செத்துப்போன உன் அம்மா சிரித்து எடுத்த ஒரே படத்தை மாடிக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, "கீழ இருந்தே பாத்துக்கலாம்பா" என்றாய். கீழ்க் கம்ப்யூட்டரில் திறந்தால் எனக்கு அனுமதி இல்லையாம். நான்தான் எதையோ நோண்டிவிட்டேன் என்று நேற்று கத்தினாய்.

நீ தூங்கும்போது உன் மனைவி உட்கார்ந்து பார்த்தாள்.

"ரெண்டு கம்ப்யூட்டர்லயும் உங்க பேரு ஒண்ணுதான் மாமா. ஆனா அது பேரைப் பாக்காது, நம்பரைத்தான் பாக்கும். உங்க பிள்ளை அந்தப் பேருக்கு மாடியில ஒரு நம்பரும் கீழ வேற நம்பரும் குடுத்து வச்சிருக்காரு. அதான் உங்கள யாரோன்னு நெனச்சிடுச்சு."

இரண்டையும் ஒன்றாக்கினாள். படம் வந்துவிட்டது.

வந்தால் என்ன? பெண்டாட்டி முகத்தைப் பார்க்க இன்று நம்பர் கேட்டது, நாளைக்குக் கைரேகை கேட்கும். படத்தைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் பிரிண்ட் போடப் போகிறேன்.

சோறு அடுப்பு மேல் மூடி இருக்கிறது.

நான் எதையும் நோண்டவில்லை.

உன் சாவியைத்தான் தொலைத்துவிட்டாயே, என்னுடையதை இதன் மேல் வைத்திருக்கிறேன். நான் வந்து மணி அடித்தால் நம்பர் கேட்காமல் கதவைத் திற.

அப்பா