ஏழாம் எண் கட்டை

நவம்பர் 3, திங்கள்

நன்றிப் பக்கத்தை எழுதிவிட்டேன். ஆய்வேட்டில் அதைக் கடைசியாகத்தான் எழுத வேண்டும் என்பார்கள். ஐந்து அத்தியாயமும் முடிந்தாயிற்று, இன்னும் என்ன? கைடுக்கு மூன்று வரி, அப்பா அம்மாவுக்கு இரண்டு, ஜெனரேட்டருக்கு ஐந்து. நாலு வருட அறைத்தோழன். அவன் விடும் குறட்டைக்கு விடுதியே சேர்ந்து வைத்த பெயர். ஜூலையில் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது பதினொரு நாள் என் கட்டைகளை அளந்து கொடுத்தவன். ஐந்து வரி போதாது.

28 கடைசித் தேதி. ஒப்படைத்த ரசீதைக் காட்டினால்தான் டிசம்பர் 1 வேலையில் சேர முடியும்.

நவம்பர் 5

கைடு புதிதாக ஒன்றைக் கிளப்புகிறார். "பின்னிணைப்புல எல்லா அளவும் வேணும்ப்பா. சராசரி மட்டும் போட்டா ஒப்பேத்தின மாதிரி இருக்கு."

பன்னிரண்டு கான்கிரீட் கட்டைகள். ஒவ்வொன்றும் எவ்வளவு சுருங்கியது என்று தினம் காலை ஒன்பதுக்கு ஓர் அளவு. தொண்ணூறு நாள். ஆயிரத்துச் சொச்சம் எண். இதுவரை சராசரியை மட்டும்தான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். விரல் தேயப்போகிறது.

நவம்பர் 7

ஜெனரேட்டரின் தாள்களுக்கு வந்தேன். ஜூலை 10 முதல் 20 வரை. முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு கட்டைக்குப் பன்னிரண்டு எண், அடியில் அவனே போட்ட சராசரி. அன்று அதை மட்டும்தான் பார்த்து ஏற்றியிருந்தேன்.

பன்னிரண்டா?

ஏழாம் கட்டையை ஜூலை 9 மாலை நான்தான் ரம்பத்தில் அறுத்தேன், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க. கை கழுவிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து போன். அப்படியே கிளம்பிவிட்டேன், கட்டையை அறுத்ததை யாரிடமும் சொல்லவில்லை. துண்டுகள் இன்னும் என் மேசைக்கடியில்தான் கிடக்கின்றன. குனிந்து பார்த்தேன். பெயின்ட்டில் 7.

இல்லாத கட்டையைப் பதினொரு நாள் அளந்திருக்கிறான்.

நவம்பர் 8

வரிசை மாற்றி எழுதியிருப்பானோ? எட்டை ஏழு என்று? அப்படியானாலும் பன்னிரண்டாவது எண் எங்கிருந்து முளைத்தது?

கட்டைகள் இருக்கும் அறையின் மூலையில் ஈரப்பதக் கருவி ஒன்று உண்டு. ஊசி காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் கோடு சட்டென்று இறங்கும், மூடினால் ஏறும். ஜூலைச் சுருளைத் தேடி எடுத்துத் தரையில் விரித்தேன். 9 வரை தினம் ஒரு பள்ளம். 21லிருந்து தினம் ஒரு பள்ளம். நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. 20ஆம் தேதி மாலை நாலு பத்துக்கு மட்டும் ஒரே ஒரு பள்ளம்.

நவம்பர் 9

ஜெனரேட்டரைக் கேன்டீனில் பிடித்தேன். வாயில் பன்னோடு பேசினான்.

"ஆமாடா, போகல. காலைல ஒன்பது மணிக்கு நான் என்னைக்குடா எந்திரிச்சிருக்கேன்? முதல் நாள் தூங்கிட்டேன். உன்கிட்ட சொல்ல முடியல, நீ ஆஸ்பத்திரில இருந்த. ரெண்டாம் நாள் போனா முதல் நாளைக்கு என்ன எழுதுறது?"

"அப்புறம்?"

"கடைசி நாள் போய் ஒண்ணாம் கட்டையை மட்டும் எடுத்தேன். அதுக்குப் பொருந்துற மாதிரி பின்னாலேருந்து நிரப்பினேன். நேரா போனா நீ கண்டுபிடிச்சிருவியேன்னு மூணாம் நாள் லேசா வளைச்சு விட்டேன்."

மூணாம் நாள். ஜூலை 12. கட்டை வார்த்து நாற்பத்திரண்டாம் நாள். சுருக்கம் அன்றோடு மட்டுப்படுகிறது என்பதுதான் என் ஐந்தாம் அத்தியாயம். முப்பத்தொரு பக்கம். தலைப்பே "நாற்பத்திரண்டாம் நாள்". நாலு வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒரே விஷயம் — இவன் படுக்கையில் கிடந்து வளைத்தது!

"அந்த அத்தியாயத்தை நீயே படிச்சுப் பார்த்துக் கொடுத்தியேடா. அப்பவாவது வாயைத் திறக்க வேண்டாமா?"

"நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தடா."

தினமும் போன் பண்ணினான். தினமும். "எடுத்துட்டேன்டா, நீ அப்பாவைப் பாரு." ஐசியூ வாசலில் எனக்கு இருந்த ஒரே நிம்மதி அந்த போன்தான். எடுக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செத்தா போயிருப்பான்?

நவம்பர் 10

ஐந்து வரியை அழித்தேன். ஒரு விநாடி கூட ஆகவில்லை.

நவம்பர் 12

கைடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏழாம் வரிசையை மட்டும் எடுத்துடு. மிச்சம் பதினொண்ணு இருக்குல்ல?"

"அதுவும் பொய்தானே சார்?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். தேர்வாளருக்குத் தெரியுமா? அந்த அத்தியாயம் இல்லன்னா இதுல என்னப்பா இருக்கு?" கதவுவரை வந்தவனைக் கூப்பிட்டார். "நான் சொன்னேன்னு எங்கயும் எழுதி வைக்காதே."

எழுதிவிட்டேன்.

நவம்பர் 14

அப்பா போனில்: "அந்தத் தம்பி எப்படி இருக்கான்? ஆஸ்பத்திரிக்கு தினம் போன் பண்ணுவானே."

இருக்கான் என்றேன்.

நவம்பர் 17

முடிவு செய்தாயிற்று. அந்தப் பதினொரு நாளும் வரைபடத்தில் காலி. எதனால் என்று ஒரு பத்தி. ஆதாரமாக ஈரப்பதச் சுருள். தேர்வாளர் வேறு நாட்களையும் கேட்பார், எனவே ஜூனிலிருந்தே சரிபார்த்துவிடலாம் என்று மூன்று மாதச் சுருளையும் விரித்தேன். அவன் திருட்டை அங்குலம் அங்குலமாக நிரூபிக்க வேண்டும் என்ற வெறி.

ஜூன் 22, ஞாயிறு. பள்ளம் இல்லை.

கருவி நின்றிருக்குமோ? இல்லை, கோடு ஓடுகிறது. நோட்டை எடுத்தேன். பன்னிரண்டு எண்கள். என் கையெழுத்து.

அன்று மழை. இப்போது நினைவுக்கு வருகிறது. திங்கட்கிழமை அளந்துவிட்டு, சனிக்கும் திங்களுக்கும் நடுவில் ஒன்றைப் போட்டேன். ஒரு நாள்தானே என்று. மறந்தே போயிற்று. நிஜமாகவே மறந்துபோயிற்றா?

நவம்பர் 18

ஒன்றும் எழுதவில்லை. சுருளைச் சுற்றி வைத்தேன். மறுபடி விரித்தேன்.

நான் ஒரு நாள், அவன் பதினொரு நாள். இரண்டும் ஒன்றா? இல்லை. அவனிடம் ஒப்படைத்துவிட்டு நம்பினேன். என்னிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. — இதை எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

நவம்பர் 22

ஐந்தாம் அத்தியாயம் இப்போது ஆறு பக்கம். சுருக்கம் ஜூலை 10க்கும் 20க்கும் இடையில் எப்போதோ மட்டுப்பட்டிருக்கிறது. எந்த நாள் என்று தெரியாது. "தெரியாது" என்ற சொல்லைக் கைடு வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். அப்படியே விட்டேன். கையெழுத்துப் போட்டார், முகத்தைப் பார்க்காமல்.

நவம்பர் 28, வெள்ளி

பைண்டிங் கடையில் ஜெனரேட்டர் நின்றிருந்தான். ஒரே அறையில் இருந்தும் மூன்று வாரமாகப் பேச்சில்லை. கேட்காமலே ஒரு பிரதியைப் புரட்டினான். வரைபடத்தில் நின்றான்.

"பன்னண்டு நாள் காலியா விட்டிருக்க. நான் பதினொண்ணுதானேடா? அந்த ஜூனையும் என் தலைல கட்டுறியா?"

"அது என்னோடது. கீழ எழுதியிருக்கு, படி."

படித்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அடித்திருப்பேன். முன்பக்கம் போய், தன் பெயர் இல்லாத நன்றிப் பக்கத்தைப் பார்த்தான். மூடி வைத்துவிட்டுப் போனான். நான் கூப்பிடவில்லை.

அலுவலகத்தில் நாலு பிரதி, நாலு முத்திரை. கடைசிப் பிரதியில் கிளார்க் அட்டையிலேயே குத்திவிட்டார். தங்க எழுத்தில் என் பெயர், அதன்மேல் ஊதா மை.

"அடடா. பேர் மேலயே பட்டுடுச்சு தம்பி. வேற அட்டை போட்டுக் கொண்டு வரீங்களா?"

"இருக்கட்டும் சார்" என்றேன். ரசீதை வாங்கிக்கொண்டேன்.