நலச்சங்கத் தேர்தலில் அப்பா நின்ற கதை

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதா தயவில் அம்மாவும் நானும் நலம், சாந்தோம் வெயிலும் நலம். டேராடூன் குளிரில் நீ ஸ்வெட்டரைப் போடுகிறாயா, அழகுக்குத் தோளில் தொங்கவிடுகிறாயா? போட்டோவில் தொங்குகிறது.

நம் தெரு நலச்சங்கத்தில் செயலாளர் தேர்தல் நடந்தது, நான் நின்றேன். மழைநீர் வடிகாலின் வாய் ரோட்டைவிட நாலு அங்குலம் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் மேலே ஏறாது, இதை மாநகராட்சிக்குப் புரியவைக்க இங்கே ஆளில்லை. ஐப்பசிக்குள் இறக்காவிட்டால் இந்த வருஷமும் நம் கட்டில் செங்கல் மேல்தான். கட்சிக்காரர் யாரும் நிற்கக்கூடாது, கொடி கூடாது, மைக் கூடாது என்று விதி எழுதியதும் நான்தான். எதிர்த்து நின்றவர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் கணேசமூர்த்தி, எந்தக் கட்சியிலும் இல்லாதவர். நான் தெருவின் மேடுபள்ளத்தை அளந்து லெவல் எடுத்துப் பன்னிரண்டு பக்க வரைபடம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கும்பிட்டார், மாடி வீட்டுக்காரர்களோடு கூட்டணி வைத்தார், துணைச் செயலாளர் பதவிக்கு இரண்டு நாள் தொகுதிப் பங்கீடு பேசினார், வாக்குறுதியாக வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம். டீக்கடையில் நின்று பார்த்த வட்டச் செயலாளர் புகழேந்தி, "சார், எங்க கட்சியிலகூட இவ்ளோ ஒழுங்கா வேலை பாக்க மாட்டானுங்க" என்று என்னிடமே அசந்துபோனார்.

எதிர்வீட்டு அமீனா பீயை வழியில் பார்த்து வரைபடத்தை விளக்கினேன். "உன் மேப்பு சோக்காத்தான் கீது, டெரிக்கு! எனக்கு இன்னா தருவே?" என்றார். வீட்டுக்குள் தண்ணீர் வராது என்றேன். "வராதது சரி நைனா, வர்றது இன்னா சொல்லு" என்றார். நாலு பேர் கூடினால் எப்படி நடந்துகொள்வது என்று எழுபது வருஷமாக நமக்குக் கற்றுக்கொடுத்தவை கட்சிகள்தான், வாசலில் ஒரு விதி எழுதி ஒட்டினால் அது போய்விடுமா.

முப்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று. ஒரே ஓட்டில் தோற்றேன். எவன் அந்தத் துரோகி என்று சாப்பிடும்போது கத்தினேன். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நான்தான். அவரு மூணு வாட்டி வந்து கேட்டாரு, நீங்க ஒரு வாட்டியாவது கேட்டீங்களா?" என்றாள். கட்டின பெண்டாட்டியிடம் கேட்க வேண்டுமா என்றேன். "எனக்கு மட்டும் என்ன, ஓட்டு இல்லையா?" என்றாள்.

மறுநாள் கணேசமூர்த்தி சால்வையோடு வந்தார். போர்த்திவிட்டு, வரைபடம் தனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை, வடிகால் பொறுப்பை நீங்களே எடுங்கள், மனுவுக்கு நூறு கையெழுத்து வேண்டும் என்றார். கும்பிடு எனக்கு வரவில்லை, தண்ணீர் ஓடும் ஸ்லோப் அவருக்கு வரவில்லை.

உன் ஹாஸ்டல் மெஸ் கமிட்டிக்கு நீ நிற்பதாகக் கேள்வி. பிடிஎஃப் அனுப்பாதே, அறைத்தோழியிடம் முதலில் கேள். நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், ஞாயிறு பூசையை விடாதே, சனிக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணு. கையெழுத்து வேட்டையை நாளை காலை சமையலறையில் தொடங்குகிறேன், கைகூப்பிக் கேட்டால்தான் போடுவாளாம்.

உன் அப்பா,
டெரிக்
(முன்னாள் வேட்பாளர்)