லெந்து நாளில் ஒரு முட்டை

மதினி, சபை அடுப்படியில் சோப்பு தீர்ந்துவிட்டதென்று இன்று காலை எதிர்க்கடையில் ஒன்று வாங்கினேன். உறையைப் பிரித்ததும் உங்கள் வாசம் வந்தது. அந்தச் சிவப்பு சோப்புதான். மற்றப் பெண்களுக்கு மல்லிகை, பவுடர் என்று ஒரு வாசம் இருந்தால் உங்களுக்கு ஆஸ்பத்திரி வாசம். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அது உங்களை விடவில்லை. "ஒங்க மதினி வீட்டுக்குள்ள வர்றாளா, வார்டுக்குள்ள வர்றாளான்னே தெரியல" என்று என் அண்ணன் கேலி பேசுவான்.

கரண்டியைத் தொடுமுன் யாராக இருந்தாலும் அந்தச் சோப்பால் கை கழுவ வேண்டும் என்பது உங்கள் சட்டம். குளித்துவிட்டுத்தானே வருகிறேன் என்று ஒருநாள் நான் முறைத்தேன். "குளிச்சிட்டு ஆமத்தூர் பஸ்ஸுல கம்பியப் பிடிச்சுக்கிட்டு வந்தேல்ல? கழுவு" என்றீர்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை நான். என்னையே அப்படிப் பேச உங்கள் ஒருவரால்தான் முடிந்தது. கழுவினேன், வேறென்ன செய்ய?

இன்று லெந்து தொடங்குகிறது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. நீங்கள் இல்லாமல் வரும் முதல் லெந்து. அதனால்தான் மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த லெந்தைப் பற்றி உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அதில் என் பங்கு என்ன என்பதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல வந்தபோதும் நீங்கள் விடவில்லை. இப்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது, அந்தத் தைரியம்தான்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த வேப்பமரத்தடியில் நாம் மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்தபோது பன்னிரண்டு பேர் வந்தார்கள். பிறகு நாற்பது ஆயிற்று. பிளாட்பாரத்தில் படுப்பவர்கள், மகன் விரட்டிவிட்ட கிழவிகள், எந்த ஊரென்று சொல்லத் தெரியாதவர்கள். சாம்பார் சாதம், ஒரு கூட்டு, ஒரு முட்டை. முட்டைக்கடை பாய் தினமும் இரண்டு அட்டை கொடுத்துவிடுவார். கணக்கு, பட்டியல், யார் எந்த நாள் சமைப்பது என்பதெல்லாம் என் பொறுப்பு. உட்கார்ந்தவர்களின் பக்கத்தில் போய்க் குந்தி, கண்ணை இழுத்துப் பார்ப்பதும் காலைத் தடவிப் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

கருப்பசாமியை அப்படித்தான் கண்டுபிடித்தீர்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை பார்த்தவர். விபத்தில் இடது கால் வெந்து, ஆறி, ஆறின தோல் மறுபடி மறுபடி வெடித்துப் புண்ணாகிக் கொண்டே இருந்தது. வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டினால்தான் மூடும் என்றார் நீங்கள் கூட்டிப்போன ஆஸ்பத்திரி டாக்டர். ஆனால் இந்த எலும்புக்கூட்டைப் படுக்க வைத்துக் கத்தி வைக்க முடியாது, இரண்டு மாதத்தில் உடம்பு தேற்றிக் கூட்டிவாருங்கள், இல்லையென்றால் காலே போய்விடும் என்றும் சொல்லிவிட்டார். நீங்கள் அன்று திரும்பி வந்து, அவர் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தீர்கள்.

அந்த இரண்டு மாதத்துக்கு நடுவில்தான் லெந்து வந்தது.

நம் சபையில் பாதிப் பேர் லெந்தில் கறி, மீன், முட்டை என்று எந்தக் கவிச்சியும் தொடமாட்டார்கள். கல்யாணம் வைக்க மாட்டார்கள். சபை அடுப்படியில் முட்டை வேகிறதே என்று சபை நிர்வாகம் பார்க்கும் இரண்டு மூப்பர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் முணுமுணுத்ததோடு சரி, முடிவெடுத்தது நான். கரும்பலகையில் நானே அழகான கையெழுத்தில் எழுதி மரத்தில் மாட்டினேன்: "லெந்து நாட்கள். நாற்பது நாளும் முட்டை கிடையாது." எழுதி முடித்து இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தேன். வரி நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன், மதினி. அம்புட்டுத்தான் என் புத்தி.

பாயிடம் போய்ச் சொன்னபோது அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "எங்களுக்கும் நோம்பு வரப்போகுது டீச்சர். ஆனா சீக்காளிக்கும் வழிப்போக்கனுக்கும் எங்கள்ல விலக்கு உண்டு. உங்கள்ல இல்லியா?" என்று கேட்டார். "அது உங்க வழக்கம் பாய்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. சாதத்தைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள். கேட்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. இரண்டாம் நாள் கருப்பசாமி தட்டை நீட்டியபடியே, மெதுவாக, "டீச்சர், நாங்க எதும் தப்பு செஞ்சிட்டமா?" என்றார். முட்டையை நிறுத்தியது தண்டனை என்று நினைத்திருக்கிறார். நாற்பது பேரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அழகான கையெழுத்தில் நான் யாருக்கு எழுதினேன்?

நீங்கள் கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"ஏம்மா டீச்சர், வருஷம் பூரா பட்டினி கெடக்குறவனுக்கு நீ நோம்பு சொல்லிக் குடுக்கப் போறியாக்கும்?"

"மதினி, இது சபை அடுப்பு. லெந்துல இங்கன கவிச்சி ஏறக்கூடாது. ஒருத்தருக்காக விதிய மாத்தச் சொல்றீகளா?"

"ஒரு முட்டையில அவரு காலு ஆறிராதுன்னு எனக்குத் தெரியும். முட்டை இல்லாம ஆறாதுன்னும் தெரியும். ஒனக்கு விதி தெரியும். எனக்குப் புண்ணு தெரியும்."

"அப்ப ஒங்க வீட்டு அடுப்புல அவிச்சுக்கோங்க."

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது. நாற்பது பேர் பார்க்க, நிமிர்ந்து நின்று சொன்னேன். நீங்கள் ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள். "சரி" என்றீர்கள். அவ்வளவுதான்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் நீங்கள் எவர்சில்வர் சட்டியோடு உட்கார்ந்திருந்தீர்கள். பாய்தான் முட்டை கொடுத்திருக்கிறார். என்னிடம் சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டு எல்லோரும் ரோட்டைக் கடந்து உங்களிடம் போனார்கள். மினிபஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். கிழவிகள் தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நீங்கள் அங்கேயும் விடவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துக்கொண்டு, கழுவினால்தான் முட்டை என்றீர்கள். மூன்று வாரம் இந்தக் கூத்து நடந்தது. அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்குறதுல எனக்கு ரெண்டு வீட்டுலயும் காப்பி கெடைக்க மாட்டேங்குது" என்று புலம்பினான். எனக்குள் கோபம்தான் இருந்தது. நான் செய்வது கர்த்தருக்காக என்று நம்பினேன். பிடிவாதத்துக்கு நல்ல உடுப்பு மாட்டினால் அது பக்தி மாதிரியே தெரிகிறது, மதினி.

நாலாவது வாரம் ஒருநாள் எதிர்ப்பக்கத்திலிருந்து கூப்பிட்டீர்கள். "டீச்சர், இங்கன வா. ஆள் இல்ல. இந்தக் காலக் கொஞ்சம் பிடி." கட்டு மாற்ற வேண்டும், வழக்கமாகப் பிடிக்கும் ஆட்டோக்காரத் தம்பி அன்று வரவில்லை. சண்டை சண்டையாக இருந்தாலும் நீங்கள் கூப்பிட்டால் வராமலிருக்க எனக்குத் தெரியாது. வந்தேன். கை கழுவச் சொன்னீர்கள். கழுவினேன். கருப்பசாமியின் குதிகாலை என் இரண்டு கையிலும் வைத்தீர்கள்.

ஒன்றரை வருஷமாக அவருக்குச் சோறு போட்டவள் நான். அன்றுதான் முதன்முதலாக அவரைத் தொட்டேன். காலில் கனமே இல்லை. காய்ந்த முருங்கைக் கம்பை வைத்திருப்பதுபோல் இருந்தது. நீங்கள் துணியைப் பிரித்தபோது அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "வாடை அடிக்கும் டீச்சர். மூஞ்சியத் திருப்பிக்கோங்க. தப்பா நெனைக்க மாட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வெட்கம்தான். அவர் தட்டிலிருந்து முட்டையை எடுத்தவள் நான், என் மூக்குக்காகக் கவலைப்பட்டவர் அவர். நான் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணீர் மட்டும் அவர் பாதத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று தலையை நிமிர்த்திக்கொண்டேன். நீங்கள் பார்த்தும் பார்க்காததுபோல், "ஆட்டாமப் பிடி" என்றீர்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே சபை அடுப்படியைத் திறந்து, பெரிய குண்டானில் தண்ணீர் வைத்து, இரண்டு அட்டை முட்டையைப் போட்டேன். கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தேன். மூப்பர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், லெந்துல முட்டையா?"

"ஆமாங்க, முட்டைதான். போதகர்ட்ட சொல்லணும்னா சொல்லுங்க. போறதுக்கு முன்னால பத்துத் தோலு உரிச்சுட்டுப் போங்க."

பாவம், மனுஷன் உரித்தார். போதகர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

அன்று நானே ரோட்டைக் கடந்து உங்களிடம் வந்தேன். ராத்திரி முழுக்க யோசித்து வைத்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. "மதினி, நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டீர்கள். "மன்னிப்பெல்லாம் ஈஸ்டருக்கு வச்சுக்கோ. அவிக்கிற தண்ணியில உப்புப் போட்டியா, அதச் சொல்லு." போடவில்லை. அதனால்தான் பாதி முட்டை வெடித்திருந்தது. அதற்குத்தான் உங்களிடம் வசவு வாங்கினேன், மற்றதற்கு இல்லை.

சித்திரை பிறந்ததும் கருப்பசாமிக்கு ஆபரேஷன் நடந்தது. தோல் ஒட்டிக்கொண்டது. இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறார். வீடு இன்னும் இல்லை. ஸ்டேஷன் பக்கம்தான் படுக்கை. ஆனால் பந்தியில் உட்காருமுன் எல்லோருக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான்.

போன ஐப்பசி மழையில் உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது அவர் கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன். தலையை ஆட்டிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை; அவர் நனைந்து நின்றதைப் பார்த்துத்தான் வாய்விட்டு அழுதேன்.

அந்த முட்டைச் சண்டைக்கு மறுவருஷத்திலிருந்து லெந்து தொடங்கும் நாளில் நான் ஒரு வேலை செய்கிறேன். பலகையில் எழுதுவதில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, "முட்டை வைக்கட்டுமா?" என்று கேட்கிறேன். முழங்கால் கத்துகிறது, இருந்தாலும் கேட்கிறேன். எல்லோரும் "வைங்க" என்பார்கள். சிலர் இரண்டாகக் கேட்பார்கள். இன்றும் கேட்டுக்கொண்டே வந்தேன். கருப்பசாமி முறை வந்தது.

"எனக்கு இந்த நாப்பது நாளும் முட்டை வேண்டாம் டீச்சர்" என்றார்.

"ஏன்? காலு மறுபடி எதும் பண்ணுதா?"

"காலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. அந்தம்மாவ நெனச்சு இருக்கேன். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி வெரதம் இருந்தவன்தான நானு? எனக்கு இருக்கத் தெரியாதா? எம் பங்க வேணுங்கிறவுகளுக்கு வைங்க."

முப்பத்து மூன்று வருஷம் கேள்வி கேட்டே பிழைத்தவள் நான். அன்று நான் கேட்காமல் எடுத்துக்கொண்டதை இன்று அவர் தன் கையால் எடுத்து உங்களுக்குக் கொடுக்கிறார். "சரிங்கய்யா" என்றேன். இத்தனை நாளும் அவரை நான் அய்யா என்று கூப்பிட்டதே இல்லை, மதினி. அவர் பங்கைப் பக்கத்தில் இருந்த கிழவியின் தட்டில் வைத்தேன்.

நாளைக்கும் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, வைக்கட்டுமா என்று கேட்பேன். நாற்பது நாளும் கேட்பேன். வேண்டாம் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த தட்டுக்கு நகர்வேன்.