ஹெந்தளைக்குப் போன உன் நம்பர்

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் ராகுலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்துக்கும் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் போனில் கதைக்காமல் இதை எழுதி, லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும் உன் ரூம்மேட் ஹரிசன் கையில் கொடுத்துவிடுகிறேன். போனில் என்றால் சரி அம்மா, சரி அம்மா என்று தப்பிவிடுவாய். இரண்டு கிழமைக்கு முன் அவன் இங்கே வந்து தேத்தண்ணி குடிக்கும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டான். நாலு மாதமாக ஒரு பக்கத்தால்தான் சாப்பிடுகிறாயாம், கன்னம் வீங்கினால் நோக்குளிசை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாயாம், பல் டாக்டரிடம் போகச் சொன்னால் அப்பாவின் மருந்துக்குக் காசு அனுப்பின பிறகு பார்ப்போம் என்கிறாயாம். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது வடை கொடுக்கவும் மறந்துபோனேன். அன்றைக்கே முடிவெடுத்தேன், இரண்டு மாதத்துக்கு அப்பாவின் மருந்து உன் காசில்லாமல் இந்த வீட்டுக்கு வரவேண்டும்.

காலி வீதியில் நாம் மருந்து எடுக்கும் பார்மசியில், நீ இங்கே இருந்தபோது ஒரு பொயின்ட்ஸ் கார்ட் எடுத்தோமே, அதை நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் கூப்பன் வந்தால் அப்பா வாசித்து முடிக்க முன்னமே வெட்டிவிடுவேன், அவர் ஓட்டை வழியாக மற்றப் பக்கத்தைப் பார்த்துப் புறுபுறுப்பார். மேல்மாடி பர்ஹா குழந்தைக்கு வாங்கும் பம்பர்ஸ், பால்மா எல்லாம் நம்முடைய கார்டில்தான் போகும், அவளுக்கு இதற்கெல்லாம் பொறுமையில்லையாம். சேர்ந்தது இருபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது, ஒரு பொயின்ட் ஒரு ரூபா. மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் எல்லாம் அழிந்துபோகும். எடுக்கப் போனால் போனுக்கு ஆறு இலக்கம் வரும், அதைச் சொல்லவேண்டும் என்றாள் காஷியர் பிள்ளை. எந்தப் போனுக்கு? உன்னுடைய பழைய கொழும்பு நம்பருக்கு. நீ போய் மூன்று வருடமாகியும், நம்பர் என்ன அன்டி என்று கேட்டால் என் வாயில் அதுதான் வருகிறது. நம்முடைய ஆட்கள் எல்லாரும் இப்படித்தான், காஸ் சிலிண்டருக்கும் கோயில் உபயத்துக்கும் வெளிநாட்டில் இருக்கும் மகனின் நம்பரைக் கொடுத்துவிட்டு இருக்கிறார்கள். மாற்றித் தாருங்கோ என்றால் அதற்கும் பழைய நம்பருக்கு வரும் இலக்கம் வேண்டுமாம்.

அந்த நம்பருக்குக் கோல் எடுத்தேன். யாரோ ஒருவர் சிங்களத்தில் கதைத்தார், பிறகு தமிழில். பெயர் றேமண்ட், ஹெந்தளைச் சந்தியில் டயர்க்கடை, நம்பர் தன்னிடம் வந்து இரண்டு வருடமாம். இலக்கம் வரும், சொல்லுங்கோ என்றதும் என்னைக் கள்ளியாக்கிவிட்டார். இப்படிக் கேட்டுத்தான் தன் மச்சானின் காசு முழுவதையும் யாரோ அடித்தார்களாம், உண்மையான ஆள் என்றால் கடைக்கு வந்து முகத்தைக் காட்டுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். வரமாட்டேன் என்று நினைத்திருப்பார். உன் அம்மாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

அடுத்த நாளே பார்மசி பில்களைக் கட்டிப் பையில் போட்டுக்கொண்டு கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஹெந்தளைக்கு இன்னொன்று. முழங்கால் நோவை நான் சொல்லவில்லை, நீயும் கேட்காதே. அவர் முன்னால் ஸ்டூலில் இருந்து, பில்லில் இருந்த திகதியையும் பொயின்ட்ஸையும் ஒவ்வொன்றாக வாசித்தேன், அவர் ஒவ்வொரு பில்லுக்கும் பார்மசியிலிருந்து தன் போனுக்கு வந்திருந்த மெசேஜைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறாவது பில்லோடு நிறுத்தச் சொன்னார். கையைத் துடைத்துவிட்டு, “மாசம் பொறந்தா உங்கட பெரிய பில்லுக்கு மெசேஜ் வரும் அம்மா. போன மாசம் நாலு நாள் பிந்தினதுக்கு, அந்த வீட்டு நோயாளிக்கு என்னமோ ஆகிட்டுதோண்டு நானும் மனிசியும் கதைச்சம்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிந்தியது நீ காசு பிந்தி அனுப்பியதால்தானே, அந்த மாதம்தான் உன் கன்னம் முதலில் வீங்கியது என்று ஹரிசன் சொன்னது அப்போதுதான் பொருந்தியது.

நேற்றுப் புதன்கிழமை, எங்கள் வயதுக்காரருக்கு விலையில் கழிவு கிடைக்கும் நாள். நான் கவுண்டரில் நிற்க, றேமண்ட் போனில் ஆறு இலக்கத்தையும் இரண்டு தரம் சொன்னார். கழிவும் கூப்பனும் பொயின்ட்ஸும் போக, இரண்டு மாத மருந்துக்கு என் கைக்காசு தொள்ளாயிரத்து அறுபது ரூபா. பிறகு நம்பர் மாற்ற வந்த இலக்கத்தையும் அவர் சொல்ல, காஷியர் பிள்ளை புது நம்பர் கேட்டாள். என் நம்பர் எனக்கே தெரியாமல் போனைத் திறந்து பார்த்துச் சொன்னேன். உன் நம்பரைச் சொல்லும்போதெல்லாம் நீ வாசலில் பைக்கோடு நிற்பதுபோல இருக்கும் மகன், அதனால்தான் இவ்வளவு நாளும் மாற்றவில்லை. இனி அது றேமண்டுடைய நம்பர்.

ஆகவே இந்த மாதமும் அடுத்த மாதமும் மருந்துக் காசு அனுப்பக்கூடாது. அனுப்பினால் அப்படியே திருப்பி அனுப்புவேன், கமிஷன் உனக்குத்தான் நட்டம். அந்தக் காசோடு பல் டாக்டரிடம் போ. வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு போவது ஹரிசனின் பொறுப்பு, மிளகாய்த்தூள் பார்சலை அதற்குப் பிறகுதான் உன்னிடம் தருவான். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். பிள்ளையார் உனக்குத் துணையிருப்பார், இரண்டு பக்கத்தாலும் வயிறாரச் சாப்பிட்டு நீடூழி வாழவேண்டும்.

டாக்டரின் பில்லைப் படமெடுத்து அனுப்பு. நான் திகதி பார்க்கிறவள் என்று ஹெந்தளையில் கேட்டாலும் சொல்வார்கள்.

உன் அம்மா,
ஜெகதீஸ்வரி ஸ்ரீஸ்கந்தராசா