தள்ளிப்போன மாதங்களும் உங்கள் விசிறியும்

இன்று காலை கண்டியில் பிடித்த மழை கட்டுகஸ்தோட்டை தாண்டியும் விடவில்லை. கலகெதரைக்குப் போகும் பஸ்ஸில் ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டு ஆளாளுக்கு ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்து சீட்டுப் பெண் மட்டும் மடித்த பத்திரிகை ஒன்றால் விசுக் விசுக்கென்று விசிறிக்கொண்டிருந்தாள். கழுத்தில் முத்து முத்தாக வியர்வை. முன்சீட்டுக்காரர் திரும்பி, இந்தக் குளிரில் இதென்ன கூத்து என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அது கூத்தாகத் தெரியவில்லை. கைப்பைக்குள் கையை விட்டு உங்கள் விசிறியைத் தேடினேன், தாத்தா.

இப்படி நான் உங்களைக் கூப்பிடுவதைக் கேட்டு முழிக்காதவர்கள் குறைவு. உங்கள் முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரிதான் தாத்தா. எங்கள் மஹய்யாவ வீட்டில் தாத்தா என்றால் அம்மாவைப் பெற்றவர். நாம் ஆய்வுக்குப் போன வேனை ஓட்டிய சிங்கள அண்ணனுக்கோ அது அவருடைய தகப்பன். முதல் நாள் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வாசலில் நின்றுகொண்டு, "தாத்தா, வாங்க, இந்த வீட்டுலேருந்து தொடங்குவோம்" என்று கூப்பிட்டேன். கதவைத் திறந்த அம்மா உங்களுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். "பெரியவர எங்கம்மா காணோம்? மழையில விட்டுட்டு வந்துட்டீங்களா?" நீங்கள் சிரித்த சிரிப்பில் தலையில் போட்டிருந்த சால்வை நழுவித் தோளில் விழுந்தது. "நான்தான் அந்தப் பெரியவர். உள்ளுக்கு வரலாமா?" என்றீர்கள். அந்த வீட்டில் நமக்குத் தேநீர் கிடைத்ததே அந்தச் சிரிப்புக்காகத்தான்.

நாற்பதையொட்டிய பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஹார்மோன் மாறும்போது மனசு என்ன பாடு படுகிறது என்பதுதான் ஆய்வு. வீடு வீடாகப் போய்த் தமிழில் கேள்வி கேட்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கலகெதரையில் துணிக்கடைக்காரரின் மனைவியான நீங்களும், டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்த நானும் அப்படித்தான் ஒரே வேனில் ஏறினோம். உங்களுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. எனக்கு நாற்பது ஆகவில்லை.

கேள்விகளை யாரோ நல்ல தமிழில் மொழிபெயர்த்திருந்தார்கள். அந்த நல்ல தமிழ்தான் நம்மைக் கவிழ்த்தது. "அண்மைக்காலத்தில் உங்களுக்கு எரிச்சல் ஏற்படுகிறதா?" என்று நான் வாசிக்க வேண்டும். கோபத்தைத்தான் கேட்கிறோம் என்று நாம் நினைத்தோம். லயத்து அம்மாமார் வேறு மாதிரி நினைத்தார்கள். "ஆமா மிஸ், ஒண்ணுக்குப் போனா எரியுது" என்றார் ஒருவர். "எனக்கு நெஞ்சுல, புளி சேத்தா" என்றார் இன்னொருவர். மூன்றாவது அம்மா உள்ளங்கையை விரித்தே காட்டினார், மிளகாய் அரைத்த கை. ஹுன்னஸ்கிரியவில் எல்லோருக்கும் எங்கேயாவது எரிகிறது, மனசில் மட்டும் யாருக்கும் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு வந்தோம். வேனில் நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும், "ஒங்கட ஊட்டுல உம்மா கோவத்துல கத்தினா என்ன செல்லுவீங்க?" என்று கேட்டீர்கள். "எங்கம்மா வள்ளுவள்ளுனு விழுறாங்கன்னு சொல்லுவோம்" என்றேன். "இத எழுது" என்றீர்கள். ஆய்வை நடத்திய டாக்டரம்மாவும் சந்தோஷமாக மாற்றிக்கொடுத்தார்.

அடுத்த தடவை அதே லயத்தில், உள்ளங்கையை விரித்துக் காட்டிய அதே அம்மாவிடம், "வீட்டு ஆளுங்க மேல வள்ளுவள்ளுனு விழுறீங்களாம்மா?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா? எங்க வீட்டுக்காரரா?" என்றார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தன்னை ஏதோ பிடித்திருக்கிறது என்று கோடாங்கி வைத்து உடுக்கடித்துப் பார்த்தார்களாம். ராத்திரியில் உடம்பு அனலாகக் கொதிக்கிறது, பிள்ளைகள் பேசினாலே ஆத்திரம் வருகிறது, அப்புறம் தன்னை நினைத்தே வெறுப்பாக இருக்கிறது என்றார். நீங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னையும் புடிச்சது. நான் கடையில ஒரு துணிக்கட்டத் தூக்கி என்ட மனிசன்ட மேல எறிஞ்சன். பேயுமில்ல ஒண்டுமில்ல, மாசம் நிக்கிற காலம் அது" என்றீர்கள். அந்த அம்மா அழுகையோடு சிரித்ததை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று திரும்பி வரும்போதுதான் நான் உங்களிடம் சொன்னேன். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாத ஒருத்திக்கு அந்தச் செய்தியைச் சொல்லத் தமிழில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. மாமியார் அதைக் கேட்கக் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டிருந்தார். உங்கள் காதோடு சொன்னேன்: "தாத்தா, எனக்குத் தள்ளிப்போயிருக்கு."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். வெளியே மலையெல்லாம் பனி மூட்டம். என் கழுத்து நனைந்திருந்தது. சந்தோஷத்தில் வியர்க்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளாக வீட்டில் என் புருஷன் வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவும் மசக்கை என்றுதான் நினைத்தேன். காலையெல்லாம் ஊர்ப் பெண்களிடம் கேட்ட கேள்விகள் என் மடியிலேயே கிடந்தன. ஒன்றைக்கூட நான் என்னிடம் கேட்டுப் பார்க்கவில்லை.

 கைப்பையிலிருந்து அந்த மடக்கு விசிறியை எடுத்தீர்கள். மூங்கில் குச்சியும், வெளிறிப்போன ரோஜாப்பூப் போட்ட துணியும். எனக்கு விசிறத் தொடங்கினீர்கள். தெல்தெனிய தாண்டி, திகன தாண்டி, கண்டி வரும்வரை விசிறினீர்கள். நானோ பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். "கை வலிக்கப்போகுது தாத்தா" என்றபோது, "வலிக்காது புள்ள" என்றீர்கள்.

பிறகு நீங்கள்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். இரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். கருமுட்டை உண்டாகும் என் சூலகம் தன் வேலையைக் காலத்துக்கு முன்பே முடித்துக்கொண்டது என்று டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். தள்ளிப்போகவில்லை, நின்றுவிட்டது. நீங்கள் என்னைக் கடைத்தெருவுக்கு நடத்திக்கொண்டு போய் ஒரு பலூடாவை வாங்கி முன்னால் வைத்தீர்கள். "அழு புள்ள. அழுதுட்டுக் குடி. ஆனா நீ ஏதோ குத்தம் செஞ்ச மாதிரி அழாத."

நான் உங்கள்மேல் வள்ளென்று விழுந்தேன். "உங்களுக்குப் புள்ளைங்க இருக்கு. நீங்க என்ன வேணும்னாலும் சொல்லலாம்."

"ஓ, எனக்குப் புள்ளைங்க ஈக்கிதுதான்" என்றீர்கள். "அதால ஒன்ட வலி எனக்குத் தெரியும் எண்டு பொய் செல்ல மாட்டன்."

எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் எத்தனையோ பேர். இப்படிச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன், அன்றைக்கு வேனிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஏன் சொல்லவில்லை என்று. பலூடாவைக் கலக்கி என் பக்கம் தள்ளினீர்கள். "எனக்கு என்ன தெரியும் புள்ள? அல்லாஹ் குடுத்தும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணாம நான் யாரு செல்ல? அந்தப் பாதை முழுக்க நீ உம்மாவா இருந்த. அத நான் எதுக்குப் பறிக்க?" எழும்பும்போது விசிறியை என் கையில் வைத்து மூடினீர்கள். "வெச்சுக்க. எனக்கு இப்ப சும்மா காத்தே போதும்."

வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள்தான் மஹய்யாவவுக்கு வந்தீர்கள். மாமியார் துடைத்துப் போட்ட கதிரையில் உட்கார்ந்து, என் உடம்பில் நடப்பதை ஒளிவுமறைவில்லாமல் என் புருஷனுக்கு எடுத்துச் சொன்னீர்கள். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். என் புருஷன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பற்றிக் கேட்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டதோ வேறு. "அப்ப இவளுக்கு என்னப் புடிக்காம போயிடலையே தாத்தா?" நீங்கள் சிரிக்கவில்லை. "இல்ல தம்பி, அப்பிடி ஒண்டுமில்ல" என்றீர்கள். இன்றும் என் முகம் சிவந்தால் அவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருகிறார். மாமியார் பிள்ளைப் பேச்சை விட நாளானது. வருத்தம் அவருக்கும் எனக்கும் போகவில்லை, சண்டை மட்டும் போனது.

நீங்கள் போய் ஒரு வருஷமாகப்போகிறது. கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தீர்கள் என்றார்கள். மாரடைப்பு. உங்கள் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். யாரோ "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். "என் தாத்தா" என்றேன். அந்த வீட்டில் அதற்கு யாரும் முழிக்கவில்லை. அன்றிலிருந்து உங்கள் குரலுக்கு ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு என்ன செய்கிறது என்று கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆள் இல்லை.

இன்று கலகெதரை கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு எப்படிக் கேள்வி கேட்பது என்று சொல்லிக்கொடுக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் விசிறியை நீட்டினேன். கூச்சத்தோடு வாங்கிக்கொண்டாள். என் வயதுக்குச் சற்றே கீழே இருப்பாள். "உடம்புக்கு முடியலையா தங்கச்சி?" என்றேன். அவள் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு என் காதோடு குனிந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தள்ளிப்போயிருக்குக்கா. இன்னும் வீட்ல சொல்லல. ரொம்ப வருஷங் கழிச்சு."

குழந்தையாக இருக்கலாம், தாத்தா. இல்லாமலும் இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் எனக்கு மனப்பாடம். "நல்லது தங்கச்சி. இந்த வாரமே கிளினிக்குல காட்டிருங்க" என்று மட்டும் சொல்லி, அவள் கையிலிருந்து விசிறியை வாங்கினேன். விசிறத் தொடங்கினேன். அவள் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள், பையனாயிருந்தால் ஒன்று, பெண்ணாயிருந்தால் ஒன்று.

"போதும்க்கா, கை வலிக்கும்" என்றாள்.

"வலிக்காது" என்றேன்.

வலித்தது, தாத்தா. அன்று உங்களுக்கும் இப்படித்தான் வலித்திருக்கும்.