நெருப்புப் பாடத்துக்கு அரைப்பேர்

பெப்ரவரி 10, திங்கள்

தண்ணீர்ப் பாடம் முடிந்தது. ஓட்டைப் போத்தலில் தண்ணீர் ஊற்றி விளையாடி, முன்பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் நனைந்துபோய் வீட்டுக்குப் போனார்கள். நாளைக்கு எந்த அம்மா சண்டைக்கு வருவாளோ. வரட்டும்.

மண், நீர், நெருப்பு, காற்று நாலையும் தொட்டுப் பார்த்துத்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நுவரெலியாவில் பயிற்சி கொடுத்தார்கள். நெருப்பை எப்படித் தொடுவது என்று கேட்டேன். பயிற்சி கொடுத்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை முற்றத்தில் கல் வைத்துக் கிழங்கு சுடப் போகிறோம். ஆளுக்கொரு மிலாறுக் குச்சி கொண்டுவரச் சொன்னேன். மேல்மலையில் இப்போதுதான் கவ்வாத்து வெட்டு முடிந்தது. வெட்டிப் போட்ட தேயிலைக் கிளை, அந்த மிலாறு, லயத்து வீட்டு அடுப்புக்குத்தான், என்றைக்கும் அதுதான் வழக்கம்.

பெப்ரவரி 13

 

மற்றப் பிள்ளைகளுக்கும் ஆகட்டும் என்று மீனம்மா ஒரு சின்னக் கட்டு மிலாறு எடுத்துக்கொண்டு, மகள் சுலக்ஷனாவோடு வந்திருக்கிறாள். காவல்காரன் மறித்து, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு யோகேஸ்வரனிடம் கொண்டுபோய் நிறுத்தினானாம். கண்டாக்கா வந்து ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள என்ன அதிகாரம்! நாலு வயசுப் பிள்ளை கையிலிருந்த குச்சியையும் பிடுங்கினார்களாம். அழுதுகொண்டே வந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை.

சாயந்தரம் மீனம்மா என் வாசலில் நின்றாள்.

"முழுநாளும் கொழுந்து எடுத்தேன் டீச்சர். அரைப்பேர் போட்டுட்டாரு."

முழுநாள் உழைத்தவளுக்கு அரைநாள் கணக்கு.

"மிலாறத் தொடக்கூடாதுன்னு போன வாரமே பெரட்டுல சொன்னாங்க. நீங்க கேட்டீங்களேன்னுதான் எடுத்தேன்."

பெரட்டில் காலையில் வேலை பிரிக்கும்போது சொன்னது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன கொழுந்தா எடுக்கிறேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவளிடமே எரிந்து விழுந்தேன். திரும்பிப் போய்விட்டாள்.

பெப்ரவரி 14

கண்டாக்கிடம் போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"பாடம் சொல்லிக் குடுங்க ஜோசப்பின் டீச்சர். களவு சொல்லிக் குடுக்காதீங்க."

பிள்ளைகளுக்குக் களவு பழக்கினேன் என்று நாளைக்குப் பெரட்டில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால், மீனம்மாவுக்கு முழுப்பேர் போடுவானாம்.

"கேட்டுட்டு வந்துரேன், வாய் தேஞ்சா போயிரும்?" என்கிறார் என் வீட்டுக்காரர். கந்தப்பளை மரக்கறிக் கடையில் நாள் முழுக்கக் கும்பிடு போட்டுப் பழகியவர். இராத்திரி அவரோடு பேசவில்லை.

பெப்ரவரி 15

மன்னிப்புக் கேட்கத்தான் பெரட்டுக்குப் போனேன். சத்தியமாக. மீனம்மா பேருக்காக.

கண்டாக்கு சிரித்தான். அதைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை.

"குச்சி கேட்டது நான். ஆனா இது களவுன்னா, இந்த மிலாறுல ரொட்டி சுட்டுத் தின்ன எல்லாரும் கள்ளந்தான். போடுங்க எல்லாருக்கும் அரைப்பேர்."

"சரி. போடுறேன்" என்றான்.

போட்டுவிட்டான். அத்தனை பெண்களுக்கும். முன்பள்ளிச் சாவியையும் வாங்கிக்கொண்டான், கட்டடம் தோட்டத்துடையதாம்.

சாயந்தரம் தண்ணீர்ப் பைப்படியில் சண்முகவடிவு காறித் துப்பினாள். "ஒன் வாய்க்கு எங்க புள்ளைக பட்டினி கெடக்கணுமா?" மீனம்மாவும் அங்கேதான் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.  எனக்கு வேண்டும். நல்லா வேணும். ஆனால் இவளுகளுக்காகத்தானே போனேன்? ஒருத்தியாவது அவனைப் பார்த்து ஏனென்று கேட்டாளா?

பெப்ரவரி 16

ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. யார் முகத்திலும் முழிக்க இஷ்டமில்லை.

பெப்ரவரி 17

நடுப்பகல். மேல்மலையிலிருந்து பெண்கள் வரிசையாக இறங்கி வருகிறார்கள், கூடையோடு. மழையுமில்லை, ஒன்றுமில்லை. மீனம்மாதான் முன்னால்.

கண்டாக்கு ஓடிவந்து கத்தினான். அவள் நிற்காமலே பதில் சொன்னாள்.

"அரைப்பேருக்கு அரைநாள் சரியாப் போச்சுங்கய்யா."

பின்னேரக் கொழுந்து செடியிலேயே நின்றது. கொழுந்து எங்கே என்று பெக்டரியிலிருந்து ரெண்டு தடவை ஆள் வந்து தேடினார்கள். பெண்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன்.

பெப்ரவரி 18

விடியப் பெரட்டில் எல்லோருக்கும் முழுப்பேர் திருத்திப் போட்டானாம். காவல்காரன் முன்பள்ளிச் சாவியையும் அன்றைக்குப் பிடுங்கிய மிலாறுக் கட்டையும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனான்.

அடுப்புப் பற்ற வைத்தோம். பிள்ளைகள் சூட்டுக்குக் கையை நீட்டிப் பார்த்து, பின்னால் இழுத்து, மறுபடியும் நீட்டினார்கள். தொடாமலே படித்தார்கள்.

சாயந்தரம் மீனம்மா மகளைக் கூட்டிப்போக வந்தாள். 

"ஒங்களுக்காக எறங்கல டீச்சர். எங்க பேருக்காக எறங்குனோம்."

"தெரியும்" என்றேன். சுட்ட கிழங்கு ஒன்றை நீட்டினேன். வாங்கிப் பிட்டு வாயில் போட்டாள்.

"வேகல" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் கையில் வைத்துக்கொண்டு போனாள்.

வேகாமல்தான் இருந்தது. இன்னும் ரெண்டு மிலாறு எடுத்துப் போட்டேன்.